புழு வளர்த்த அண்ணி

என் வீட்டுக்காரரின் அக்காவை ஊரில் புழுக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியும். "புழுக்காரின்னா புழுக்காரிதான், அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வேலை என்று ஒன்று அவருக்கு எப்போதும் இருந்தது. கஞ்சிச் சொம்பை ஒரு கையில் வைத்துக் குடித்துக்கொண்டே மறு கையால் அவரைக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுவார். யாராவது வந்து பேசினால் நின்று கேட்பார். ஆனால் கால் நிற்காது. பேச வந்தவரும் கூடவே நடந்து, கொல்லையை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகவேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். வரதராஜன்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முந்திரிக் காட்டுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தால் வரும் ஊர். நான் பிறந்தது பெரம்பலூர் பக்கம். முந்திரி மரத்தைக் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான அண்ணி. அண்ணியை வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சில வருஷம் அங்கே இருந்துவிட்டு ஒரு நாள் துணிப்பையோடு திரும்பி வந்தவர், பிறகு போகவில்லை. குழந்தை இல்லை. ஊர் அதைத்தான் காரணமாகச் சொன்னது.

அவர் புருஷன் அடிப்பார் என்று யாரும் சொன்னதில்லை, குடிப்பார் என்றும் சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்று என் மாமியாரே சொல்வார். வெங்காய அறுப்பு முடிந்தால் மூன்று பஸ் மாறி வருவார், தோளில் ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு. மாமியாரிடம் மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவார். அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டுக்கு வருகிறாயா என்று அவர் அண்ணியிடம் கேட்டதாக எனக்குத் தெரியாது.

ஏன் அண்ணி வந்துட்டீங்க என்று நானே ஒரு தடவை கேட்டுவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்த வூட்ல எல்லாம் அது அது எடத்துல இருக்கும்மா. அவங்கப்பா காலத்துல போட்ட அம்மி, போட்ட எடத்துலயே கெடக்கும். அரைக்க உக்காந்தா வெயிலு மூஞ்சில அடிக்கும். ஒரு நாளு பெரட்டிப் பெரட்டி மேற்கால கொண்டுபோயிப் போட்டேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா பழைய எடத்துல இருக்கு. ஒரு வார்த்த கேக்கல, திட்டல. நானும் மறுபடி பெரட்டுனேன். அவரும் மறுபடி கொண்டாந்து போட்டாரு. இப்படியே போயி ஒரு நாளு மூச்சு முட்டுற மாதிரி ஆயிடுச்சு. பஸ் ஏறிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு அம்மிக்காகப் புருஷனை விட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று அன்றைக்கு நினைத்தேன். அவரோடு ஒரே வீட்டில் இருக்க இருக்க, வந்திருப்பார் என்றே தோன்றியது.

புழு விஷயம் நான் போவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. பங்குனி பிறந்தால் முந்திரிப் பழம் விழத் தொடங்கும். எங்களுக்கு வேண்டியது கொட்டைதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைக் காட்டு ஓரத்தில் கொட்டிவிடுவோம். மாடு கொஞ்சம் தின்னும், பிள்ளைகள் கொஞ்சம் தின்பார்கள். மிச்சம் வெயிலில் அழுகிப் புளித்து, கள்ளு வாசம் அடிக்கும். தவிடு பிசைந்து வைத்தாலும் நிற்காமல் கோழிகள் அந்தக் குவியலுக்கு ஓடுவதை அண்ணி பார்த்திருக்கிறார். போய்க் கிளறினால் அடியில் புழு. வீட்டு ஈ வைக்கிற வெள்ளைப் புழு இல்லை. தட்டையாக, வரி வரியாக, சாம்பலும் பழுப்புமாக இருக்கும் தடித்த புழு. வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு வந்திருப்பார்கள். அண்ணி ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்தார்.

விரிசல் விட்ட பழைய மொடா ஒன்று கொல்லையில் கிடந்தது. தண்ணீர் ஊற்ற ஆகாத அந்தப் பெரிய பானையில் அழுகின பழம், சாணி, கழுநீர் மண்டி எல்லாம் போட்டுப் புழுவை விட்டார். நான் போனபோது அது இரண்டு மொடாவாக ஆகியிருந்தது. என்னைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று நெளிகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மொடாவின் வாயில் கருப்பாக, ஒல்லியாக, குளவி மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. அண்ணி அதைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் விட்டார்.

"இதோட குஞ்சுதான் அம்புட்டும். கொட்டாது, கடிக்காது. சோத்துல வந்து உக்காராது. இது எதையாவது தின்னு நான் பாத்ததே இல்ல."

மொடாவுக்குள்ளிருந்து விளிம்புவரை ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். தின்று முடித்த புழுக்கள் நிறம் கறுத்து, தாமாகவே அந்தப் பலகையில் ஏறி வரும். விளிம்பைத் தாண்டியதும் கீழே வைத்த சட்டியில் விழும். காலையில் சட்டியை எடுத்துக் கோழிக்குக் கொட்டவேண்டியதுதான். அள்ளுகிற வேலையே இல்லை. எப்படி அண்ணி அதுவா ஏறி வருது என்று கேட்டேன். வயிறு நிறைந்துவிட்டால் அதனால் அங்கே இருக்க முடியாது, காய்ந்த இடம் தேடிக் கிளம்பிவிடும் என்றார். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அவர் நின்றதை வேறெப்போதும் நான் பார்க்கவில்லை.

கோழிகள் நன்றாகத்தான் இருந்தன. சேவல் கழுத்து எண்ணெய் தடவினது போல மினுக்கும். சுற்றுப்பட்டு ஊரில் நேர்த்திக்கடனுக்குச் சேவல் வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பழம் இல்லாத மாதங்களில் அண்ணி ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போய், கடை கட்டுகிற நேரத்தில் அழுகின கத்திரிக்காய், தக்காளி எல்லாம் பொறுக்கிக் கோணியில் கட்டிக்கொண்டு வருவார். நம்ம வீட்டுப் பெண் சந்தையில் குப்பை பொறுக்குகிறாளே என்று மாமியாருக்கு அழுகையே வந்துவிடும். அண்ணி கோணியை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் முந்தானையை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி கொல்லைக்குப் போய்விடுவார்.

ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற எதையும் அவரால் அப்படியே விட முடியாது. வேப்பமரத்தடியில் இருந்த மொடாவை மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் மாற்றினார். அங்கே நன்றாக வந்தது. உடனே வைக்கோல் போர்ப் பக்கம் மாற்றினார். அங்கே வெயிலில் காய்ந்து ஒரு மொடாப் புழு முழுக்கச் செத்துப்போனது. நல்லாத்தானே இருந்துச்சு அண்ணி என்றேன்.

"நல்லா இருந்தா? பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஒரு தடவை என்னோடு என் அம்மா வீட்டுக்கு வந்தார். என் அம்மாவும் கோழி வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு பானைப் புழுவைத் துணியால் வாய் கட்டி எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அரியலூரில் மாறி பெரம்பலூர் பஸ் ஏறினோம். எனக்கு இடம் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது. பானையை இடத்தில் வைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். பஸ் குலுங்கிய குலுங்கலில் துணி தளர்ந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு மொத்த பஸ்ஸும். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். இறங்கச் சொன்னார். நான் வெட்கத்தில் அப்போதே இறங்கிவிட்டேன். அண்ணி இறங்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து, கொஞ்சம் காலை நகத்துங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லி, கடைசிப் புழுவரை பொறுக்கிப் பானையில் போட்டுக்கொண்டுதான் வந்தார். பஸ் போனபிறகு, வா நடப்போம், காத்து நல்லா இருக்கு என்றார். அந்தப் பானையை என் அம்மா ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதற்குள் அவர் வேறு ஒன்றில் இருந்தார்.

அந்த வேறு ஒன்றுதான் குழி. மொடா போதாது என்று தோன்றிவிட்டது. எங்கள் கொல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் உண்டு. நல்ல நிழல். காய்ந்தால் தெளிக்கத் தண்ணீரும் பக்கத்திலேயே. அந்த மரத்தடியில் குழி வெட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீடுகளுக்கும் அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். கிணத்துக்கிட்ட வேண்டாங்கக்கா, வேற எங்கயாவது வெட்டிக்குங்க என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் பொதுவாக அக்காவை எதுவும் சொல்லாதவர். அண்ணி மண்வெட்டியை நிறுத்தாமல், சரி தம்பி, இந்த வருஷம் இங்க பாக்குறேன், அப்பறம் மாத்திடுறேன் என்றார். எப்படியும் மாற்றத்தானே போகிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் பெய்து குழி நிரம்பி, கருப்பாக வழிந்து, கொல்லை முழுக்கப் பரவியது. மழை விட்ட இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். நாலு வயசுப் பிள்ளை. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. மாட்டு வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரி. மறுநாள் தெருவில் இன்னும் மூன்று பேருக்கு வந்தது.

துணிமணி எடுத்துப்போக வந்த அந்தக் குழந்தையின் அம்மா எங்கள் வாசலில் நின்றார். அதுவரை எங்கள் வீட்டில் உப்புக்கும் மோருக்கும் வந்து போனவர். சத்தம் போடவில்லை.

"உங்க கோழி வயித்துக்கு என் புள்ள வயித்தக் குடுத்துட்டீங்களேக்கா" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. குழியில் இருந்ததை முழுக்க அள்ளி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து, முந்திரிக் காட்டைத் தாண்டி ஓடைப் பள்ளம் வரை கொண்டுபோய்க் கொட்டினார். கூடை ஓட்டையில் புழு சிந்தச் சிந்த, கோழிகள் அவர் பின்னாலேயே வரிசையாக ஓடின. அவர் போகும்போதெல்லாம் ஓடின, வரும்போதெல்லாம் ஓடி வந்தன. ஊரே வாசலில் நின்று பார்த்தது. நான் ஒரு கூடை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் போனார், அவரையும் விடவில்லை. குழியை மூடி, அதன்மேல் சுண்ணாம்பு கொட்டி, கிணற்றைச் சுற்றி மண் அணைத்து முடித்தபோது அவர் கையில் தோல் உரிந்திருந்தது.

சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து கிணற்றில் மருந்துப் பொடி போட்டார். அண்ணி அவரிடம், இந்தக் குழியாலதான் வந்துச்சா சார் என்று கேட்டார். அவர் மூடின இடத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். இதனாலும் இருக்கலாம்மா, மழை பேஞ்ச எல்லா ஊர்லயும் இருக்கு, அங்கெல்லாம் குழி இல்லையே, எப்படிச் சொல்றது என்றார். நேர்மையான பதில்தான். அண்ணிக்கு அது போதவில்லை. சைக்கிளின் பின்னாலேயே ரோடு வரைக்கும் நடந்து, திரும்பத் திரும்ப அதையே கேட்டாராம்.

குழந்தை பிழைத்துவிட்டது. மற்ற மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் அண்ணி அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, கொதிக்கவைத்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பார். அந்தம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். குடத்தை வைத்துவிட்டு இவர் வருவார். மத்தியானம் குடம் அப்படியே எங்கள் வாசலில் இருக்கும். அதில் ஒரு சொட்டுக் குறைந்திருக்காது. மறுநாளும் எடுத்துப் போவார். போதும் அண்ணி, விட்டுடுங்க என்று ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னாலதான்னு தெரிஞ்சா கால்ல விழுந்துட்டு எந்திரிச்சிடுவேன். என்னால இல்லன்னு தெரிஞ்சா சண்ட போட்டுட்டு விட்டுடுவேன். ரெண்டும் இல்லாம இருக்குதேம்மா. இது எங்க வச்சாலும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

தை பிறந்ததும் அவர் புருஷன் வழக்கம்போல வெங்காய மூட்டையோடு வந்தார். மாமியார் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனார். குழி இருந்த இடத்தைப் பார்த்தார். ஓரத்தில் ஒரே ஒரு மொடா மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணியைப் பார்த்து, அதைக் காட்டு என்றார். அண்ணி மூடியைத் திறந்தார். அந்த மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டு வெகுநேரம் பார்த்தார். அண்ணியைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அதைக் கையால் தொட்டதில்லை, நான் உள்பட.

"எதத் தின்னும் இது?" என்று கேட்டார்.

அண்ணி சொன்னார். முதலில் இரண்டு வார்த்தைதான். அவர் அடுத்ததைக் கேட்டார், அதற்கடுத்ததைக் கேட்டார். பலகை எதற்கு, எத்தனை நாளில் ஏறும், வெயில் ஆகுமா ஆகாதா. அண்ணி பேச ஆரம்பித்தார். சமையல்கட்டு ஜன்னல் வழியாக நானும் மாமியாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை என்று மாமியார் என் காதில் சொன்னார்.

கடைசியில் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம வெங்காயக் காட்டுக் கெணறு தனியா இருக்கு. பக்கத்துல குடி கெடையாது. நீ எங்க வேணும்னாலும் வெட்டிக்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எத வேணும்னாலும் மாத்திக்க" என்றார்.

அண்ணி கொல்லையை இரண்டு சுற்று சுற்றினார். பிறகு உள்ளே வந்து துணிப்பையை எடுத்தார். கிளம்பும்போது பக்கத்து வீட்டு வாசலில் போய், நான் ஊருக்குப் போயிட்டு வரேன் என்றார். அந்தம்மா வெளியே வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்து, சரிக்கா என்று குரல் மட்டும் வந்தது. அது போதுமென்று அண்ணி எடுத்துக்கொண்டாரா தெரியாது. ரோட்டுக்குப் போகும்வரை திரும்பித் திரும்பி அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டு வருஷம் கழித்து, என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். பெரம்பலூரில் இறங்கி வேப்பந்தட்டை பஸ். அதற்கப்பால் பொட்டல் வெயில், மேற்கே மலை. அந்தப் புழு அங்கே வரவில்லை என்றார். முந்திரிப் பழம் இல்லை, காற்றும் காய்ந்த காற்று. அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. பானைக்குள் சாணியும் காய்ந்த சோளத்தட்டையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்துவிடுவார். விடிந்து தூக்கிப் பார்த்தால் பானை நிறையக் கறையான். கோழிக்குஞ்சு அதற்குப் பறக்கிறது. ஆனால் கறையான் இன்றைக்கு இருக்கிற இடத்தில் நாளைக்கு இருக்காது. பானையைத் தினம் இடம் மாற்றவேண்டும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

அப்ப இங்கயே இருந்துடுவீங்களா அண்ணி என்று கேட்டேன்.

"இன்னிக்கு இருக்கேன்" என்றார்.

வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் காட்டுக்குக் கிளம்பினார்கள். நானும் பிள்ளையோடு வரப்பில் போய் நின்றேன். அவர் புருஷன் மூங்கிலால் ஒரு கோழிக்கூண்டு பின்னியிருந்தார். இரண்டு பக்கமும் நீளமாகக் கம்பு விட்டு, பல்லக்கு மாதிரி தூக்குகிற கூண்டு. பானை போகிற இடத்துக்குக் கூண்டும் போகவேண்டும் அல்லவா. முன் பக்கத்தை அவர் தூக்கிக்கொண்டார், பின் பக்கத்தை அண்ணி. உள்ளே கோழிகள் சரிந்து சத்தம் போட்டன. உழுது போட்ட மண்ணில் கால் புதையப் புதைய நடந்தார்கள். ஒரு பனைமரத்துக்கிட்டே அவர் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"இங்க வச்சிடட்டுமா?"

அண்ணி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளி."

அவர் கம்பைக் கையில் சரியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.